எழுதாமல் விட்ட வாக்கியம்

கிண்டியிலே ஒரு மாளிகை. மான்கள் மேயும் சோலை சூழ, நெடுமரங்கள் நிழல் பரப்ப, வாயிலில் காவலர் நிற்க, அமைதி குடிகொண்ட மாளிகை. சர் தாமஸ் மன்றோ சென்னை மாகாணத்தின் ஆளுநராக வீற்றிருந்த காலத்தில் கும்பெனி அரசு அதனை விலைக்கு வாங்கியது. வெயில் தாளாத வெள்ளை ஆளுநர்கள் நகரத்து இரைச்சலை விட்டு ஓய்வு கொள்ள அங்கே சென்றனர். வெள்ளையர் வெளியேறிய பின்னர், ஆளுநரின் நிலையான இருப்பிடமே அதுவாயிற்று.

அந்த மாளிகைக்கு ஒரு கோப்பு சென்றது. 2018 செப்டம்பர் 9 அன்று தமிழக அமைச்சரவை கூடி, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் இருபத்தேழு ஆண்டுகளாகச் சிறையில் வாடிய ஏழு பேரை விடுதலை செய்யுமாறு, அரசியல் சட்டத்தின் 161-ஆம் பிரிவின்படி பரிந்துரைத்தது. கோப்பு கிண்டிக்குச் சென்றது, சென்றது சென்றதுதான். திங்கள் பல உருண்டன. ஆண்டு இரண்டு ஓடின. ‘ஆம்’ என்ற சொல் வரவில்லை. ‘இல்லை’ என்ற சொல்லும் வரவில்லை. 2021 ஜனவரியில்தான், இதில் முடிவு செய்யும் உரிமை குடியரசுத் தலைவருக்கே உண்டு எனக் கூறி, ஆளுநர் அதனை டில்லிக்கு அனுப்பினார்.

ஒரு கோப்பு தூங்கியது என்பதற்காகவா இத்தனை வருத்தம் என்று கேட்போர் இருக்கலாம். நாட்டிலே தூங்காத கோப்புதான் எது என்று நகைப்போரும் உண்டு. ஆனால் தோழர்களே, கிண்டியில் நாம் கண்டது கதையின் கடைசி ஏடு. அந்தக் கோப்பிலே இருந்த எழுவரில் ஒருவருடைய வாழ்வு, ஓர் அதிகாரி எழுதாமல் விட்ட ஒரே ஒரு வாக்கியத்தால் முப்பதாண்டுக் காலம் சிறைக்குள் முடங்கியது. அப்படி விடுபடக் கூடும், வாக்குமூலத்தை வாங்கும் கையிடமே எழுதுகோலையும் கொடுத்தால் உண்மை ஊனப்படும் என்ற பாடத்தை இந்த நாட்டுச் சட்டம் என்றோ கற்றிருந்தது. கற்றுக் கொடுத்தது வேறெந்த ஊருமன்று, இதே சென்னைதான். கற்ற பாடம் மறக்கப்பட்ட வரலாறே நாம் சொல்லப் போவது.

கிட்டியும் அண்ணாந்தாளும்

கும்பெனி ஆட்சியிலே, 1816-ஆம் ஆண்டில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். வரி வசூலிக்கும் தாசில்தாரே காவல் துறைக்கும் தலைவர். நிலவரி கட்டாத உழவனைப் பிடிப்பவரும் அவரே. களவு போன வீட்டுக்குக் கள்வனைக் கண்டு பிடிப்பவரும் அவரே. ஒரு கையில் வரிக்கணக்கு. மறு கையில் தடி. பணம் கேட்கும் வாயே குற்றத்தை ஒப்புக்கொள் என்றும் கேட்டது. இரண்டுக்கும் ஒரே கருவி பயன்பட்டது.

அந்தக் கருவிகளின் பெயர்களைத் தமிழ் அகராதி இன்னும் காத்து வைத்திருக்கிறது. கிட்டி என்றால் இரண்டு கட்டைகளுக்கிடையே விரல்களை வைத்து நெரிப்பது. அண்ணாந்தாள் என்றால் ஆளை வளைத்துக் கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து நிறுத்துவது. இவை போதாவென்றால் உச்சி வெயில் உண்டு. முதுகிலே கல் உண்டு. கண்ணிலே மிளகாய்த்தூள் உண்டு. உணவுக்கும் இயற்கை அழைப்புக்கும் கூட எழுந்து போக விடாமல் நாள் முழுதும் உட்கார வைப்பதும் உண்டு.

இந்தக் கொடுமையை வெளியே கொண்டு வந்தவர்களில் முதல்வர் நம் நகரத்தவர். கஜுலு லட்சுமிநரசு செட்டியார் என்னும் வணிகர், 1852-இல் சென்னை மக்கள் சங்கத்தைத் தோற்றுவித்தவர். ஏடு நடத்தினார், இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு முறையீடு அனுப்பினார். டான்பி சீமோர் என்ற உறுப்பினர் 1853-இல் இங்கு வந்தபோது, அவரை ஊர் ஊராக அழைத்துச் சென்று உழவர் நிலையைக் காட்டினார். கண்டதை சீமோர் 1854 ஜூலையில் நாடாளுமன்றத்தில் எடுத்துரைத்தார். கும்பெனியின் நண்பர்கள் சீறினர். சித்திரவதையாவது, நம் ஆட்சியிலாவது என்றனர். வேறு வழியின்றி அதே ஆண்டு செப்டம்பரில் ஓர் ஆணையம் அமைந்தது.

மூவர் அதன் உறுப்பினர். ஸ்டோக்ஸ் என்னும் அதிகாரி ஒருவர். எட்வர்ட் எலியட் என்பவர் மற்றொருவர்; சென்னையின் தலைமை நடுவராகவும் காவல் கண்காணிப்பாளராகவும் பணியாற்றியவர். கிண்டிக்குக் கிழக்கே இன்று காற்று வாங்கப் போகிறோமே, அந்த எலியட்ஸ் கடற்கரை அவர் பெயரையே தாங்குகிறது என்பர். மூன்றாமவர் ஜான் புரூஸ் நார்ட்டன். வழக்கறிஞர், பச்சையப்பன் கல்வி நிலையத்தின் ஆண்டு விழாக்களில் மாணவர்க்கு உரையாற்றி வந்தவர், பின்னாளில் சென்னையின் தலைமை அரசு வழக்கறிஞர். தென்னிந்தியாவில் நீதி எப்படி நடக்கிறது என்பதை 1853-லேயே தனி நூலாக எழுதி, சட்டம் அறியாதவர்கள் மாவட்ட நீதிமன்றங்களில் அமர்ந்து வழங்கும் தீர்ப்புகளைத் தோலுரித்துக் காட்டியவர்.

இதனை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். நார்ட்டன் வெளியாரல்லர். நீதிமன்றத்திலே வாதாடிப் பிழைத்தவர். நீதி வழங்க அமர்ந்தோரின் அறியாமையை அச்சேற்றியவர். தொழில் கெடும் என்று அவர் வாய் மூடியிருக்கலாம். மூடவில்லை.

ஆணையம் அறிவிப்பு வெளியிட்டது. மூன்று திங்களுக்குள் 1,959 முறையீடுகள் வந்து குவிந்தன. 519 பேர் நேரிலேயே வந்தனர், மற்றவை கடிதங்கள். தொடர்வண்டி ஓடாத காலம் அது. திரும்பிப் போனால் அதே தாசில்தாரின் கீழ்தான் வாழ வேண்டும் என்று அறிந்தே வந்தார்கள். 1855 ஏப்ரலில் அறிக்கை வந்தது. வரிக்காகவும் வாக்குமூலத்துக்காகவும் சித்திரவதை நடப்பது உண்மை என்று அது ஒப்பியது. வரித்துறையையும் காவல் துறையையும் பிரிக்க வேண்டும் என்றது.

ஆனால் அதே அறிக்கை இன்னொன்றும் செய்தது. குற்றம் அனைத்தும் கீழ்ப்பணி புரியும் இந்நாட்டாரைச் சேர்ந்தது. மேலே அமர்ந்த வெள்ளை அதிகாரிகளுக்கு இதிலே பங்கில்லை என்று மெழுகியது. வரிப்பணம் எப்படி வந்தது என்று கேளாமல் வாங்கிப் பெட்டியில் வைத்தவர்கள் தூயவர்களாம்! 1857-இல் நியூயார்க் நாளேடு ஒன்றில் இந்த அறிக்கையைப் பற்றி எழுதிய காரல் மார்க்ஸ் இந்த மெழுகலைத்தான் சுட்டினார். அன்று தொடங்கிய வழக்கம் இன்றும் போகவில்லை. லத்தி பிடித்த காவலர் இடைநீக்கம் பெறுவார். லத்தியைப் பிடிக்கச் சொன்னவர் பதவி உயர்வு பெறுவார்.

சட்டம் எழுப்பிய சுவர்

எனினும் அறிக்கை வீண் போகவில்லை. 1859-இல் சென்னை மாகாணத்துக்குத் தனிக் காவல் சட்டம் வந்தது. வரித்தலைவரிடமிருந்து காவல் பிரிந்தது. 1861-இல் வந்த குற்ற நடைமுறைச் சட்டம் அதைவிடப் பெரிய செயலைச் செய்தது. காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்று அறுதியிட்டது. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25, 26-ஆம் பிரிவுகள் அதனை நிலைநாட்டின. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் 23-ஆம் பிரிவாக அது நிற்கிறது.

ஏன் இப்படி ஒரு சட்டம்? உலகிலே பல நாடுகள் காவலர் முன் சொன்னதை ஏற்கின்றனவே என்று கேட்கலாம். இந்தச் சுவர் யாருடைய கற்பனையிலும் உதித்ததன்று. கிட்டியில் நெரிந்த விரல்கள் கட்டிய சுவர் அது.

ஐரோப்பாவும் இந்தப் பாடத்தைக் குருதி கொடுத்தே கற்றது. பிரான்சு நாட்டின் தூலூசு நகரில், மகனைக் கொன்றான் என்ற பொய்ப்பழியில் ழான் கலாஸ் என்னும் முதியவரை 1762-இல் சித்திரவதை செய்து, சக்கரத்தில் கட்டி எலும்பை முறித்துக் கொன்றார்கள். கடைசி மூச்சு வரை அவர் குற்றத்தை ஒப்பவில்லை. வால்டேர் எழுதுகோலை ஏந்தினார். மூன்றே ஆண்டில், அவர் குற்றமற்றவர் என்று அரசையே சொல்ல வைத்தார். 1764-இல் இத்தாலியின் பெக்காரியா ஒரு சிறு நூல் எழுதினார். அவர் வாதம் எளிது: வலியைக் கொண்டு உண்மையைத் தேடினால், உடல் வலுத்த குற்றவாளி தப்புவான், உடல் மெலிந்த நிரபராதி மாட்டுவான்.

பள்ளி ஆசிரியர்களாகிய நமக்கு இதற்குப் பெரிய நூல் வேண்டியதில்லை. வகுப்பில் ஒரு பொருள் காணாமற் போகட்டும். பிரம்பை எடுத்து ஒவ்வொருவராகக் கேட்கட்டும். முதலில் எடுத்தேன் என்று அழுபவன் எடுத்தவனாக இருப்பதில்லை. அடி பொறாதவனாக இருப்பான். பிரம்பு உண்மையை அளக்கும் கோல் அன்று. பொறுமையை அளக்கும் கோல்.

ஆயினும் சுவரிலே ஒரு சந்து இருந்தது. சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்த அளவுக்கு அது செல்லும். கத்தி கிடைத்தது, நகை கிடைத்தது என்று எழுதப்படும் பட்டியல்கள் எத்தனையோ இந்தச் சந்தின் வழியே நுழைந்தன. காவல் நிலையத்து அடி நிற்காமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம். 1902-இல் பிரேசர் தலைமையில் அமைந்த காவல் ஆணையமும் இந்தத் துறை ஊழலும் ஒடுக்குமுறையும் மலிந்தது என்றே எழுதியது. சந்து இருந்தது, ஆயினும் சுவர் நின்றது. 1987 வரை.

சுவர் இடிந்த நாள்

1987-இல் தடா என்னும் சட்டம் வந்தது. பயங்கரவாதத்தை ஒடுக்க என்றார்கள். அதன் 15-ஆம் பிரிவு, கண்காணிப்பாளர் தரத்துக்குக் குறையாத காவல் அதிகாரி பதிவு செய்யும் வாக்குமூலம் சான்றாகச் செல்லும் என்றது. நூறாண்டுக்கு மேல் நின்ற சுவர் ஒரே பிரிவில் இடிந்தது. தலைமைக் காவலர் கேட்டால் பொய். கண்காணிப்பாளர் கேட்டால் மெய்! தோள்பட்டை நட்சத்திரங்கள் கூடக் கூட உண்மையும் கூடும் என்ற புதிய தத்துவம் பிறந்தது.

அந்தப் பிரிவிலேயே இன்னொரு குறிப்பும் உண்டு. வாக்குமூலத்தை எழுத்தில் பதியலாம். அல்லது ஒலிநாடாவிலும் பதியலாம். ஒலிநாடா இருந்தால் சொன்ன சொல் சொன்னபடி நிற்கும். எழுத்திலோ, எழுதுபவர் கையே எல்லாம். எது எளிது என்று அதிகாரிகளுக்குத் தெரியும்.

1994-இல் உச்சநீதிமன்றம் கர்த்தார் சிங் வழக்கில் இந்தச் சட்டத்தைப் பெரும்பான்மையால் ஏற்றது. ஐந்து நீதிபதிகளில் இராமசாமி, சகாய் என்ற இருவர் மட்டும் 15-ஆம் பிரிவை ஏற்க மறுத்தனர். சென்னையில் மூவர் எழுதிய பழைய பாடம், டில்லியில் இருவர் நினைவில் மட்டுமே எஞ்சியிருந்தது. மறு ஆண்டு தடாச் சட்டம் காலாவதியானது. ஆனால் அதன்கீழ் எழுதப்பட்ட தாள்கள் காலாவதியாகவில்லை.

ஒரு வினையெச்சம்

1991 மே 21. திருப்பெரும்புதூரில் மனிதவெடிகுண்டு வெடித்து ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். கடமையில் நின்ற காவலர்களும் அங்கிருந்த எளியோரும் உடன் மாண்டனர். கொடுமை, மன்னிக்க முடியாத கொடுமை. மாண்டோர் குடும்பங்களின் கண்ணீருக்கு யாரும் விலை பேச முடியாது. அந்தக் கண்ணீருக்கு நீதி வேண்டுமாயின், உண்மையான குற்றவாளி தண்டிக்கப்பட வேண்டும். கிடைத்தவன் தண்டிக்கப்படுவது நீதியாகாது.

1991 ஜூன் 11 அன்று, சென்னைப் பெரியார் திடலிலிருந்து பேரறிவாளன் என்னும் 19 வயது இளைஞன் அழைத்துச் செல்லப்பட்டான். விசாரித்து அனுப்பி விடுவார்கள் என்று நம்பினார் தாய் அற்புதம்மாள். சோலையார்பேட்டையிலிருந்து வந்த பகுத்தறிவாளர் குடும்பம்; அரசாங்கம் கேட்டால் மறைக்க ஏதுமில்லை என்று எண்ணிய குடும்பம். ‘மல்லிகை’ என்ற பெயர் கொண்ட கட்டடத்தில் புலனாய்வுக் குழு அமர்ந்திருந்தது. மலரின் பெயர் கொண்ட அந்தக் கட்டடத்தில் என்ன மணம் வீசியது என்பதை உள்ளே சென்றவர்களே அறிவர்.

அந்த இளைஞன் மீது சுமத்தப்பட்ட குற்றத்தின் அச்சாணி, இரண்டு 9 வோல்ட் மின்கலங்களை வாங்கிக் கொடுத்தது. கடைக்குச் சென்று மின்கலம் வாங்குவது குற்றமன்று. எதற்காக என்று அறிந்து வாங்குவதே குற்றம். தமிழ் இலக்கணம் பயின்றவர் எளிதில் உணர்வர். ‘வாங்கினேன்’ என்பது ஒரு செய்தி. ‘அறிந்து வாங்கினேன்’ என்பது ஒப்புதல். இரண்டுக்கும் இடையே இருப்பது ஒரு வினையெச்சம். அந்த வினையெச்சத்திலே தூக்குக் கயிறு தொங்கியது.

வாக்குமூலத்தைப் பதிவு செய்தவர் மத்தியப் புலனாய்வுத் துறையின் கண்காணிப்பாளர் தியாகராசன். தடா வழக்கு பூவிருந்தவல்லியில் மூடிய மன்றத்திலே நடந்தது. 1998 ஜனவரி 28 அன்று தீர்ப்பு: குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்கு! தடா வழக்கு என்பதால் உயர்நீதிமன்றம் என்ற படியே கிடையாது, நேரே உச்சநீதிமன்றம். 1999 மே 11 அன்று அங்கே 19 பேர் விடுவிக்கப்பட்டனர். மூவருக்கு ஆயுள், நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் நால்வருக்குத் தூக்கு உறுதியானது.

அந்தத் தீர்ப்பிலே ஒரு விந்தை. இது தடாச் சட்டத்தின்படியான பயங்கரவாதக் குற்றமன்று என்று நீதிமன்றமே கூறி, அந்தப் பிரிவுகளின் தண்டனையைத் தள்ளியது. ஆனால் தடாவின் வழியாகப் பெற்ற வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்றது. கள்ளக்காசு என்று கண்ட பின்னும், அதைக் கொடுத்து வாங்கிய பொருள் மட்டும் நல்ல பொருள் என்பதா? மரம் வேண்டாம், கனி மட்டும் வேண்டும் என்பதா?

ஆண்டுகள் ஓடின. 2013 நவம்பரில், ஓய்வு பெற்றிருந்த தியாகராசன் வாய் திறந்தார். மின்கலங்களை எதற்காக வாங்கச் சொன்னார்கள் என்பது தமக்குத் தெரியாது என்று பேரறிவாளன் கூறியதாகவும், அதனைத் தாம் வாக்குமூலத்தில் எழுதவில்லை என்றும் அவரே சொன்னார். 2017-இல் உச்சநீதிமன்றத்தில் உறுதிமொழிப் பத்திரமாகவும் அதைத் தாக்கல் செய்தார்.

எழுதாமல் விட்டது ஒரு வாக்கியம். வெளியே வர எடுத்துக்கொண்டது இருபத்திரண்டு ஆண்டுகள். 19 வயது இளைஞனுக்கு அதற்குள் வயது நாற்பதைக் கடந்துவிட்டது.

அந்த அதிகாரியை ஏச நாம் இதை எழுதவில்லை. சொல்லாமலே போனவர் பலரிருக்க, பிந்தியாவது சொன்னாரே என்று ஏற்போம். ஆனால் கேள்வி வேறு. ஒருவரது மனச்சான்று விழிக்கும் வரை ஒருவன் கழுத்தில் கயிறு காத்திருக்கலாமா? மனச்சான்று விழிக்குமுன் கயிறு இறுகியிருந்தால் யார் பொறுப்பு? 2011 செப்டம்பர் 9 அன்று மூவரைத் தூக்கிலிட நாளே குறித்துவிட்டார்கள் என்பதை மறந்தோமா? காஞ்சியில் செங்கொடி என்னும் இளநங்கை ஆகஸ்ட் 28 அன்று தன்னையே தீக்கிரையாக்கிக் கொண்டாள். அப்படி ஓர் உயிர் போகாமலே நீதி விழிக்கும் நாடு வேண்டும் என்பதே நம் விழைவு. ஆகஸ்ட் 30 அன்று சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அதே நாள் உயர்நீதிமன்றம் தடை விதித்தது. பத்தே நாள் இடைவெளி! பத்து நாள் பிந்தியிருந்தால், 2013-இல் வந்த ஒப்புதல் கல்லறைக்கு வந்த கடிதமாகியிருக்கும்.

உள்ளிருந்து வந்த குரல் அது ஒன்றுதானா? 1999-இல் தண்டனையை உறுதி செய்த அமர்வின் தலைவர் கே.டி. தாமஸ். 2013-இல் அவர், இருபதாண்டுக்கு மேல் சிறையில் கழித்தவர்களைத் தூக்கிலிடுவது ஒரு குற்றத்துக்கு இரு தண்டனையாகும், அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்றார். 2017-இல், பெருந்தன்மை காட்டுமாறு சோனியா காந்திக்கே கடிதம் எழுதினார். 2012-இல் ஓய்வு பெற்ற நீதிபதிகள் பதினால்வர் குடியரசுத் தலைவருக்கு முறையிட்டனர்: தவறான முன்தீர்ப்பைப் பின்பற்றிப் பலருக்குத் தூக்கு விதித்ததை உச்சநீதிமன்றமே 2009-இல் ஒப்புக்கொண்டது, இருவர் ஏற்கெனவே தூக்கிலிடப்பட்டுவிட்டனர், எஞ்சியோரையேனும் காப்பாற்றுங்கள் என்றனர்.

எண்ணிப் பாருங்கள். இவர்களெல்லாம் உண்மையை உரைத்தது எப்போது? ஓய்வு பெற்ற பிறகு. நார்ட்டன் பணியில் இருந்தபோதே எழுதினார். நம் காலத்துச் சான்றோர்க்கு ஓய்வூதிய ஆணை கைக்கு வந்த பிறகே நா எழுகிறது. அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பணியில் இருப்பவன் உண்மை பேசினால் அவனைக் காக்க இங்கே ஏற்பாடு இல்லை என்பதே பெருங்குறை.

மீண்டும் கிண்டி

சிலம்பின் கதை நமக்குத் தெரியும். பொற்கொல்லன் சொல்லை ஆராயாது நம்பிக் கோவலனைக் கொல்வித்தான் பாண்டியன். தவறு தெரிந்ததும் அரியணையிலேயே உயிர் விட்டான். அது காவியம், மன்னன் ஒருவன், குற்றமும் ஒருவன் மேல் நின்றது. இன்றைய அரசிலோ பொறுப்பு ஆயிரம் மேசைகளில் பரவிக் கிடக்கிறது. எழுதியவர் மேலிடம் என்பார். மேலிடம் சட்டம் என்பார். சட்டம் ஆளுநர் என்னும். ஆளுநர் குடியரசுத் தலைவர் என்பார். உயிர் விடுவது இருக்கட்டும். ஒரு கையெழுத்து இட ஆளில்லை.

தவறு நிகழ்ந்தால் திருத்தக் கடைசி வாயிலாக அரசியல் சட்டம் வைத்ததுதான் 161-ஆம் பிரிவு. அதில் ஆளுநர் அமைச்சரவையின் அறிவுரைப்படியே நடக்க வேண்டும் என்று 1980-லேயே மாருராம் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. கிண்டி மாளிகைக்கு இந்தப் பாடம் தனியாகவும் ஒருமுறை சொல்லப்பட்டது. 1999 அக்டோபரில் ஆளுநர் பாத்திமா பீவி, இந்த நால்வரின் கருணை மனுக்களை அமைச்சரவையைக் கேளாமலே தள்ளினார். அவர் உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக இருந்தவர். நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாததாக்கியது. 2000 ஏப்ரலில் அமைச்சரவையின் பரிந்துரைப்படி நளினியின் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. மற்ற மூவரின் மனு டில்லிக்குப் போய்ப் பதினோராண்டு கிடந்தது. அந்தத் தாமதத்தையே காரணமாகக் கொண்டு, 2014 பிப்ரவரி 18 அன்று உச்சநீதிமன்றம் அவர்கள் தூக்கையும் ஆயுளாக்கியது.

இத்தனைக்கும் பிறகுதான் 2018-இல் சென்ற கோப்பு கிண்டியில் உறங்கியது. 2022 மே 18 அன்று உச்சநீதிமன்றம் பேரறிவாளனை விடுதலை செய்தபோது, அமைச்சரவையின் பரிந்துரை ஆளுநரைக் கட்டுப்படுத்தும். அதனைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பியதற்கு அரசியல் சட்டத்தில் இடமில்லை என்று தெளிவாக்கியது. அவ்வாண்டு நவம்பர் 11 அன்று மற்ற அறுவரும் விடுதலையாயினர். அவர்களில் சாந்தன், இலங்கையிலுள்ள தாயைக் காணாமலே 2024 பிப்ரவரியில் சென்னை மருத்துவமனையில் கண் மூடினார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2022-ஆம் ஆண்டுத் தீர்ப்பு விடுதலைத் தீர்ப்பே தவிர, 1999-இல் கண்ட குற்றத்தை நீக்கிய தீர்ப்பன்று. எழுதாமல் விட்ட அந்த வாக்கியத்தை ஏற்று, குற்றம் உண்டா இல்லையா என்று எந்த மன்றமும் மறுபடி எடைபோட்டுத் தீர்ப்புச் சொல்லவில்லை. கதவு திறந்தது, கணக்குத் தீரவில்லை. இதுவே நம் நெஞ்சை உறுத்துவது.

காலத்தில் எழுந்த குரல்

நம்பிக்கைக்கு இடமே இல்லையா? உண்டு. 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் கடந்தும் கடை திறந்திருந்தார்கள் என்று ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும் காவல் நிலையத்தில் பிடித்து வைக்கப்பட்டனர். நான்கே நாளில் இருவரும் பிணமாயினர். அவர்களைச் சிறைக்கு அனுப்பிய நடுவர் உடற்காயத்தை உற்று நோக்கியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று நாடு குமுறியது. 1855-க்கும் 2020-க்கும் இடையே 165 ஆண்டுகள். கிட்டி போய் லத்தி வந்தது, அவ்வளவே.

ஆனால் அந்த நிலையத்தில் பணியாற்றிய பெண் தலைமைக் காவலர் ஒருவர், விசாரிக்க வந்த நீதித்துறை நடுவரிடம், இரவெல்லாம் அடித்ததையும் லத்தியிலும் மேசையிலும் குருதி படிந்ததையும் சொன்னார். வெளியே உடன் பணி புரிவோர் நிற்க, அஞ்சி அஞ்சியே சொன்னார். கையொப்பமிடத் தயங்கித் தயங்கியே இட்டார். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்குப் பாதுகாப்பளிக்கச் சொன்னது. இருபத்திரண்டு ஆண்டு அன்று; சில நாட்களில் வந்த குரல்! உயர்பதவி வகித்தோர் ஓய்வுக்குப் பின் செய்ததை, எளிய காவலர் ஒருவர் சீருடையிலிருந்தே செய்தார். அவரை வீரத்தாய் என்று பாடுவது எளிது, அவரைப் போன்றவர் அஞ்சாது பேசும்படி சட்டத்தைத் திருத்துவதே கடினம், அதுவே தேவை.

இளைஞர்களே, நாம் கேட்க வேண்டியவை சில. காவல் நிலையங்களில் கண்காணிப்புக் கருவி பொருத்த வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. உங்கள் ஊர் நிலையத்தில் அது இயங்குகிறதா என்று கேளுங்கள். சொன்னது சொன்னபடி ஒலியும் ஒளியுமாகப் பதியாத எந்த ஒப்புதலும் எந்தப் பெயரிட்ட சட்டத்திலும் செல்லாது என்று கேளுங்கள். பணியிலிருந்து உண்மை உரைப்போரைக் காக்க வழி செய்யக் கேளுங்கள். கருணை மனுவுக்குக் காலவரை கேளுங்கள்.

நம் நாட்டு நீதிமன்றங்களில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். கன்று இழந்த பசுவுக்காக மகனையே பலியிட்டான் என்று கதை சொல்கிறார்கள். நமக்குப் புராணப் பசு வேண்டாம். ஆராய்ச்சி மணியும் வேண்டாம். சொல்லப்பட்ட வாக்கியம் முழுமையாக எழுதப்பட்டால் போதும். 1855-இல் சென்னை உலகுக்கு உணர்த்திய உண்மை அது ஒன்றே. அதை மறவாதிருக்கும் கடமை சென்னைக்குத்தான் முதலில் உண்டு.